இமாம் வேறு விதமாக ஓதுகிறார்: என் தொழுகை கூடுமா?

இந்த முறை வந்திருக்கும் கடிதம் நீளமானது. எழுதியவர் யார் என்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய சகோதரர். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர். சிறு வயதில் ஓதிக் கற்ற குர்ஆனை இன்றுவரை விடாமல் ஓதி வருபவர். வேலை நிமித்தமாக வெளிநாட்டில் ஒரு நகரத்துக்குக் குடும்பத்தோடு மாறி நான்கு மாதம் ஆகிறது. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில் இமாமும் ஜமாஅத்தாரில் பெரும்பாலோரும் மொராக்கோ, அல்ஜீரியாவைச் சேர்ந்தவர்கள்.

முதல் நாளே அவருக்குத் திடுக்கிட்டது. இமாம் ஃபாத்திஹாவில் "மாலிகி யவ்மித்தீன்" என்று நீட்டாமல் "மலிகி" என்று ஓதினார். "யுஃமினூன்" என்பது "யூமினூன்" என்று கேட்டது. வள்ளுஹா சூராவின் வசன முடிவுகள் 'ஆ'வுக்கும் 'ஏ'வுக்கும் இடைப்பட்ட ஓசையில் முடிந்தன. பிஸ்மில்லாஹ் காதில் விழவே இல்லை. ஒருநாள் இஷாவில் வஷ்ஷம்ஸி சூராவின் கடைசி வசனத்தை இமாம் "ஃபலா யகாஃபு" என்று ஓத, இவர் பின்னாலிருந்து "வலா யகாஃபு" என்று சத்தமாகத் திருத்தினார். இமாம் பொருட்படுத்தாமல் ருகூஉக்குப் போய்விட்டார். தொழுகைக்குப் பிறகு வாக்குவாதம். அன்றிலிருந்து ஃபஜ்ர், மஃரிப், இஷா மூன்றையும் பள்ளியில் தொழுதுவிட்டு, வீட்டுக்கு வந்து திரும்பவும் தொழுகிறார்.

இதற்கிடையில், குர்ஆனை மனனமிட்டு வரும் அவருடைய பதினேழு வயது மகன் இணையத்தில் தேடி, "இதெல்லாம் கிராஅத் வேறுபாடு வாப்பா, எப்படி வேண்டுமானாலும் ஓதலாம்" என்று சொல்லி, வீட்டு ஜமாஅத்தில் ஒரே ரக்அத்தில் பல கிராஅத்களை (அறிவிப்பாளர் தொடர் வழியாக வந்த ஓதல் முறைகளை) கலந்து ஓத ஆரம்பித்துவிட்டார். அதோடு நிற்காமல், நபித்தோழர் இப்னு மஸ்ஊத் அவர்களின் கிராஅத் என்று சொல்லி ஒரு வசனத்தில் ஒரு வார்த்தையைச் சேர்த்தும் ஓதியிருக்கிறார். "என் தொழுகைகள் கூடினவா? இந்த இமாமின் பின்னால் தொழலாமா? மகன் செய்வது சரியா? குர்ஆன் ஒன்றுதானே, இவ்வளவு நாள் அப்படித்தானே நம்பியிருந்தேன்?" என்று கேட்டு முடிக்கிறார்.

அஸ்ஸலாமு அலைக்கும், சகோதரரே. உங்கள் மனதை அரிக்கிற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இமாமின் கிராஅத்தை வைத்துப் பார்த்தால் அவருடைய தொழுகையும் கூடியது, உங்கள் தொழுகையும் கூடியது. அந்தக் காரணத்துக்காக எதையும் திரும்பத் தொழ வேண்டியதில்லை. பிஸ்மில்லாஹ் விஷயம் தனி. அது கிராஅத் கேள்வி அல்ல, ஃபிக்ஹு (மார்க்கச் சட்டம்) கேள்வி. உங்கள் கடிதத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அவற்றைப் பிரித்துப் பார்த்தாலே பாதிப் பாரம் இறங்கிவிடும்.

நீங்கள் கேட்டது பிழை அல்ல, வர்ஷ் அறிவிப்பு

நீங்கள் எழுதியுள்ள அடையாளங்கள் அத்தனையும் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன. மதீனாவின் இமாம் நாஃபிஉ அவர்களிடமிருந்து அவருடைய மாணவர் வர்ஷ் அறிவித்த கிராஅத் அது. நாஃபிஉ ஹிஜ்ரீ 169-லும், எகிப்தைச் சேர்ந்த வர்ஷ் 197-லும் மறைந்தவர்கள். மொராக்கோ, அல்ஜீரியா, மேற்கு ஆப்பிரிக்கா முழுக்க இன்றும் பள்ளிகளில் கேட்பது பெரும்பாலும் இதுதான். லிப்யாவிலும் துனீசியாவிலும் நாஃபிஉ அவர்களின் இன்னொரு மாணவரான காலூனின் அறிவிப்பு வழக்கத்தில் இருக்கிறது. நீங்களும் நானும் ஓதிக் கற்றது கூஃபாவின் இமாம் ஆஸிமிடமிருந்து ஹஃப்ஸ் அறிவித்தது. உலகின் பெரும்பகுதி இன்று ஹஃப்ஸ் அறிவிப்பில் ஓதுகிறது. உஸ்மானிய ஆட்சிக் காலத்திலேயே அது பரவியிருந்தது. 1924-இல் கெய்ரோவில் அச்சான முஸ்ஹஃப் (குர்ஆன் பிரதி) அதை இன்னும் வேரூன்றச் செய்தது. ஆனால் பரவலாக இருப்பது வேறு, அது ஒன்றுதான் சரி என்பது வேறு. மதீனாவில் உள்ள மன்னர் ஃபஹ்து அச்சகமே வர்ஷ், காலூன், தூரீ அறிவிப்புகளில் முஸ்ஹஃப் அச்சிட்டு வெளியிடுகிறது.

"மலிகி" என்று குறுக்கி ஓதியதுதான் உங்களை அதிகம் உலுக்கியிருக்கிறது. ஏற்கப்பட்ட பத்துக் கிராஅத் இமாம்களில் ஆஸிம், கிஸாயீ, யஃகூப், கலஃப் ஆகிய நால்வர் நீட்டி ஓதுகிறார்கள். நாஃபிஉ, இப்னு கஸீர், அபூ அம்ரு, இப்னு ஆமிர், ஹம்ஸா, அபூ ஜஅஃபர் ஆகிய ஆறு பேர் குறுக்கி ஓதுகிறார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் எழுதச் செய்த முஸ்ஹஃபின் எழுத்து வடிவத்தில் அந்த இடத்தில் அலிஃப் கிடையாது. உங்கள் கையிலுள்ள முஸ்ஹஃபைத் திறந்து பாருங்கள். மீமுக்குப் பக்கத்தில் சின்னதாக நிற்கும் அலிஃப் பிற்காலத்தில் ஓதுவோருக்கு உதவியாகச் சேர்க்கப்பட்ட குறியீடு. ஒரே எழுத்து வடிவம் இரண்டு ஓதலையும் தாங்கி நிற்கிறது.

நீங்கள் ஷாஃபிஈ என்பதால் இதையும் சொல்ல வேண்டும். இமாம் ஷாஃபிஈ அவர்கள் மக்காவில் இஸ்மாயீல் பின் குஸ்தன்தீன் என்பவரிடம் குர்ஆன் ஓதியவர்கள். அது மக்காவின் இமாம் இப்னு கஸீருடைய கிராஅத். அந்தக் கிராஅத்தில் அந்தச் சொல் "மலிகி" என்று குறுகித்தான் வரும். உங்கள் மத்ஹபின் இமாம் கற்ற ஓதலைக் கேட்டு நீங்கள் தொழுகையைத் திரும்பத் தொழுதிருக்கிறீர்கள். இதை உங்களைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. இந்த வேறுபாடுகள் எவ்வளவு பழையவை, எவ்வளவு நடுநாயகமானவர்கள் ஓதியவை என்பது உங்கள் மனதில் பதிய வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

அப்புறம் அந்த "ஃபலா யகாஃபு". நாஃபிஉ, அபூ ஜஅஃபர், இப்னு ஆமிர் மூவரும் அந்த இடத்தை அப்படித்தான் ஓதுகிறார்கள். உஸ்மான் (ரலி) மதீனாவிலும் ஷாமிலும் (சிரியா) வைத்த முஸ்ஹஃப்களில் அங்கே 'ஃபா' எழுதப்பட்டிருந்தது. மற்றவற்றில் 'வாவ்'. இமாம் உங்கள் திருத்தத்தை ஏற்காமல் போனதற்குக் காரணம் கர்வம் அல்ல. அவர் கற்றதை அவர் ஓதினார்.

உமர் (ரலி) அவர்களுக்கும் இதே திடுக்கிடல் வந்தது

"குர்ஆன் ஒன்றுதானே" என்ற உங்கள் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் பயம் இருக்கிறது. புகாரீயிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ் ஒன்று உங்களுக்காகவே சொன்னது போல இருக்கும். ஹிஷாம் பின் ஹகீம் (ரலி) தொழுகையில் ஃபுர்கான் சூராவை ஓதிக்கொண்டிருந்தார். தான் நபி (ஸல்) அவர்களிடம் கற்றதற்கு மாறாக அவர் ஓதுவதை உமர் (ரலி) கேட்டார். தொழுகையிலேயே அவர்மேல் பாய்ந்துவிடப் பார்த்தார். ஸலாம் கொடுக்கும்வரை பொறுத்துக்கொண்டு, மேலாடையைப் பிடித்து இழுத்து நபியவர்களிடம் கொண்டுபோனார். நபியவர்கள் ஹிஷாமை ஓதச் சொன்னார்கள். "இப்படித்தான் இறக்கப்பட்டது" என்றார்கள். உமரை ஓதச் சொன்னார்கள். அதற்கும் "இப்படித்தான் இறக்கப்பட்டது" என்றார்கள். குர்ஆன் ஏழு ஹர்ஃபுகளில் (ஓதல் வகைகளில்) இறக்கப்பட்டது, உங்களுக்கு எளிதானதை ஓதுங்கள் என்று முடித்தார்கள். அந்த இருவருமே குறைஷிக் குலத்தவர்கள். எனவே இதை வெறும் ஊர்வழக்கு உச்சரிப்பு வித்தியாசம் என்றும் ஒதுக்கிவிட முடியாது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் சரிசெய்துவிடலாம். அந்த ஏழு ஹர்ஃபுகள்தான் இன்றைய ஏழு கிராஅத்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஏழு கிராஅத் இமாம்களைத் தேர்ந்து தொகுத்தவர் பக்தாதின் இப்னு முஜாஹித். அவர் மறைந்தது ஹிஜ்ரீ 324-இல். எண் ஒத்துப்போனதே தவிர, இரண்டும் ஒன்றல்ல. பிறகு இப்னுல் ஜஸரீ (மறைவு ஹிஜ்ரீ 833) மேலும் மூவரின் கிராஅத்களும் அதே தரத்தில் உள்ளவை என்று நிறுவி, பத்து என்பதை நிலைநிறுத்தினார். ஒரு கிராஅத் ஏற்கப்பட அவர் சொன்ன அளவுகோல் மூன்று: அரபு இலக்கணத்துக்குப் பொருந்த வேண்டும், உஸ்மானிய முஸ்ஹஃபின் எழுத்து வடிவம் அதற்கு இடம் தர வேண்டும், அறிவிப்பாளர் தொடர் சரியாக இருக்க வேண்டும். இந்த அளவுகோலை மறந்துவிடாதீர்கள். உங்கள் மகன் விஷயத்தில் இது தேவைப்படும்.

சட்டத்துக்கு வந்தால், ஏழு கிராஅத்களில் எதைத் தொழுகையில் ஓதினாலும் கூடும் என்பதில் நான்கு மத்ஹபுகளிலும் கருத்து வேறுபாடு இல்லை. மீதி மூன்றைப் பற்றி முற்காலத்தில் பேச்சு இருந்தது. நமது மத்ஹபின் இமாம் நவவீயின் வாசகம் ஏழோடு நிற்கிறது. பஃகவீயும் தகிய்யுத்தீன் ஸுப்கீயும் பத்துவரை ஏற்கிறார்கள். இன்று நடைமுறையில் உள்ளது பத்து. இமாம் அஹ்மத் ஹம்ஸாவின் கிராஅத்தை அதன் நீட்டல்களுக்காக விரும்பவில்லை என்பது பதிவாகியிருக்கிறது. ஆனாலும் அதை ஓதுபவரின் பின்னால் தொழுவதை அவர்கள் தடுக்கவில்லை. அவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது மதீனாவின் ஓதல், அதாவது உங்கள் இமாம் ஓதும் நாஃபிஉவின் வழி.

பிஸ்மில்லாஹ்: உங்கள் கடிதத்தின் உண்மையான சிக்கல்

வர்ஷ் ஓதுபவர் பிஸ்மில்லாஹ்வை விட்டுவிடுவார் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. ஃபாத்திஹாவைத் தொடங்கும்போது பிஸ்மில்லாஹ் ஓதுவதில் கிராஅத் இமாம்கள் அனைவரும் ஒன்றுபடுகிறார்கள். வேறுபாடு அது ஃபாத்திஹாவின் ஒரு வசனமா என்பதில்தான். மக்கா, கூஃபா கணக்கில் அது முதல் வசனம். மதீனா கணக்கில் "அல்ஹம்து" முதல் வசனம். அங்கே "அன்அம்த அலைஹிம்" என்ற இடத்தில் ஒரு வசனம் முடிவதால் ஏழு என்ற எண்ணிக்கை குறைவதில்லை. நமது முஸ்ஹஃபில் மொத்தம் 6236 வசனங்கள், வர்ஷ் முஸ்ஹஃபில் 6214 என்று இருப்பதும் இப்படி எங்கே வசனத்தை முடிப்பது என்ற கணக்கு வேறுபாடுதான்.

தொழுகையில் பிஸ்மில்லாஹ்வை ஓதாமல் விடுவது மாலிக்கீ மத்ஹபின் நிலைப்பாடு. நபி (ஸல்), அபூபக்ர், உமர், உஸ்மான் (ரலி) ஆகியோரின் பின்னால் தொழுதேன், அவர்கள் "அல்ஹம்து"வைக் கொண்டு தொடங்கினார்கள் என்று அனஸ் (ரலி) சொன்ன ஹதீஸ் அவர்களின் ஆதாரங்களில் ஒன்று. ஃபர்ளுத் தொழுகையில் அதை ஓதுவது மக்ரூஹ் (விரும்பத்தகாதது) என்பது அந்த மத்ஹபில் பிரபலமான கருத்து. ஆனால் மாலிக்கீ அறிஞரான கராஃபீ, கருத்து வேறுபாட்டிலிருந்து விடுபட அதை ஓதிக்கொள்வதே பேணுதல் என்று சொல்லியிருக்கிறார். நமது மத்ஹபிலோ பிஸ்மில்லாஹ் ஃபாத்திஹாவின் வசனம். விட்டால் ஃபாத்திஹா நிறைவேறாது.

அப்படியானால் உங்கள் நிலை என்ன? ஷாஃபிஈ மத்ஹபில் இதற்கு இரண்டு கருத்துகள். பின்பற்றித் தொழுபவரின் நம்பிக்கைப்படி இமாமின் தொழுகை சரியாக இருக்க வேண்டும் என்பது வலுவான கருத்து. இமாமின் நம்பிக்கைப்படி சரியாக இருந்தாலே போதும் என்பது ஷாஃபிஈ அறிஞர் கஃப்பாலின் கருத்து. வலுவான கருத்தை எடுத்தாலும் உங்களுக்கு வழி இருக்கிறது. மாற்று மத்ஹப் இமாம் ஒரு கடமையைச் செய்தாரா இல்லையா என்று சந்தேகம்தான் இருக்கிறது என்றால், அவர் பேணுதலாகச் செய்திருப்பார் என்று நல்லெண்ணம் வைத்து அவரைப் பின்பற்றலாம் என்று நமது பிற்கால நூல்கள் தெளிவாகவே சொல்கின்றன. நீங்கள் எழுதியிருப்பது "காதில் விழவில்லை" என்றுதான். மெதுவாக ஓதியிருக்கலாம். இதுவரை தொழுதவற்றுக்கு இதுவே போதும்.

தக்பீரை முடித்த மூச்சிலேயே "அல்ஹம்து" என்று தொடங்குகிறார், இடைவெளியே இல்லை என்று நீங்கள் உறுதியாக அறிந்தால்? அப்போதும் கஃப்பாலின் கருத்தை எடுத்து அங்கேயே தொழுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பிஸ்மில்லாஹ்வை மெதுவாகவும் ஓதாத, சத்தமாகவும் ஓதாத மதீனாவின் மாலிக்கீ இமாம்களின் பின்னால் அபூஹனீஃபாவின் தோழர்களும் ஷாஃபிஈயும் மற்றவர்களும் தொழுது வந்தார்கள் என்று இப்னு தைமிய்யா எடுத்துச் சொல்கிறார். அந்த முன்னோர்களுக்குப் போதுமாக இருந்தது நமக்குப் போதாமல் போகுமா? உங்கள் பங்குக்கு, நமது மத்ஹபில் பின்பற்றித் தொழுபவருக்கும் ஃபாத்திஹா கடமை. அதை நீங்கள் கற்ற ஹஃப்ஸ் அறிவிப்பிலேயே, பிஸ்மில்லாஹ்வோடு ஓதிக்கொள்ளுங்கள். இமாம் வர்ஷிலும் நீங்கள் ஹஃப்ஸிலும் ஓதுவதில் எந்தக் குறையும் இல்லை.

நீங்கள் சத்தமாகத் திருத்தியது

இமாம் தடுமாறி நின்றால், அல்லது பொருள் மாறும்படி பிழை செய்தால் எடுத்துக்கொடுக்கலாம். அவர் தயங்காமல் ஓதிச் செல்லும்போது, நமக்குப் பழக்கமில்லாத ஒரே காரணத்துக்காகக் குறுக்கிடக் கூடாது. நமது மத்ஹபில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. எடுத்துக்கொடுப்பவர் குர்ஆன் ஓதும் எண்ணத்தையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். திருத்துவது மட்டுமே நோக்கமாக இருந்தால் தொழுகை முறிந்துவிடும் என்பது பிற்கால அறிஞர்கள் ஏற்ற கருத்து. இது சாதாரண மக்களுக்குத் தெரியாத சட்டம், அறியாமல் செய்தவருக்குச் சலுகை உண்டு. அந்த ஓர் இஷாவை ஏற்கெனவே வீட்டில் திரும்பத் தொழுதுவிட்டதால் அதில் இனி கவலையே வேண்டாம்.

மகன் செய்வதில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன

முதலாவது, கலந்து ஓதுவது. ஒரு கிராஅத்தில் தொடங்கினால், பேச்சுத் தொடர்பு முடியும்வரை அதிலேயே தொடர வேண்டும், அந்த அமர்வு முழுக்க அதிலேயே ஓதுவது இன்னும் சிறப்பு என்கிறார் இமாம் நவவீ. இப்னுல் ஜஸரீ இன்னும் விரிவாகப் பேசுகிறார். ஒரு வாசிப்பு இன்னொன்றோடு இலக்கணத்தால் கட்டுண்டிருந்தால் கலப்பது ஹராம். பகரா சூரா 37-ஆம் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் "ஆதமு ... கலிமாதின்" என்று ஓதுகிறோம்: ஆதம் தம் இறைவனிடமிருந்து சில வாக்குகளைப் பெற்றார். இப்னு கஸீர் "ஆதம ... கலிமாதுன்" என்று ஓதுகிறார்: வாக்குகள் ஆதமை வந்தடைந்தன. ஒருவர் முதல் சொல்லை நம் ஓதலிலும் இரண்டாவதை இப்னு கஸீரின் ஓதலிலும் எடுத்தால் வாக்கியமே உடைந்துபோகும். யாருமே அப்படி ஓதியதில்லை. இப்படிக் கட்டுண்டிராத இடங்களில் கலந்தால் தொழுகை கூடும், ஆனால் விவரம் அறிந்தவருக்கு அது அழகல்ல. எந்த இடம் எந்த வகை என்று பிரித்துப் பார்க்கும் பயிற்சி உங்கள் மகனுக்கு இன்னும் இல்லை. அதனால் ஒரே அறிவிப்பில் நிற்கச் சொல்லுங்கள்.

இரண்டாவதுதான் எனக்குக் கவலை தருகிறது. மாயிதா சூராவின் 89-ஆம் வசனத்தில், சத்தியத்தை முறித்தவர் மூன்று நாள் நோன்பு நோற்பதைச் சொல்லும் இடத்தில், "முததாபிஆத்" (தொடர்ச்சியாக) என்ற சொல்லைச் சேர்த்து ஓதியிருக்கிறார். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடமிருந்து இது அறிவிக்கப்படுவது உண்மை. ஹனஃபீ மத்ஹபினர் இதை வைத்தே அந்த நோன்பைத் தொடர்ச்சியாக நோற்க வேண்டும் என்று சட்டம் எடுத்தார்கள். ஆனால் அவர்களும்கூட அதைத் தொழுகையில் குர்ஆனாக ஓத அனுமதிக்கவில்லை. உஸ்மானிய முஸ்ஹஃபில் அந்தச் சொல்லுக்கு இடம் இல்லை, முன்பு சொன்ன மூன்று அளவுகோல்களில் ஒன்று அங்கேயே தவறிவிடுகிறது. இப்படி அளவுகோலுக்கு வெளியே நிற்பதற்கு ஷாத்தான கிராஅத் என்று பெயர். இப்னு மஸ்ஊதின் கிராஅத்தை ஓதும் இமாமின் பின்னால் நின்றவர் தொழுகையை விட்டு வெளியேறிவிட வேண்டும் என்றார் இமாம் மாலிக். ஷாத்தான கிராஅத்தைத் தொழுகையிலும் ஓதக் கூடாது, வெளியிலும் குர்ஆனாக ஓதக் கூடாது என்கிறார் நவவீ. பொருள் மாறினாலோ, எழுத்துக் கூடினாலோ குறைந்தாலோ தொழுகை கூடாது என்றும் சொல்கிறார்.

பக்தாதில் ஹிஜ்ரீ 323-இல் இப்னு ஷனபூத் என்ற பெரிய காரீ (குர்ஆன் ஓதுவதில் வல்லவர்) இதற்காகவே விசாரிக்கப்பட்டார். மிஹ்ராபில் நின்று ஷாத்தான கிராஅத்களை ஓதியது குற்றச்சாட்டு. வஸீர் இப்னு முக்லா அவரை அடிக்கச் செய்து, இனி ஓதமாட்டேன் என்று எழுதி வாங்கினார். அடித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. அவ்வளவு கற்றவருக்குக்கூட இந்த எல்லையில் விட்டுக்கொடுக்க அன்றைய அறிஞர்கள் தயாராக இல்லை என்பதை மகன் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் மகன் ஓதியது ஃபாத்திஹாவுக்குப் பிந்தைய சூராவில், சட்டம் தெரியாமல். எனவே அந்தத் தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை என்ற பக்கமே நான் சாய்கிறேன். சட்டம் தெரிந்த பிறகு அவர் மறுபடி ஓதினால் இந்தச் சலுகை இல்லை.

இனி என்ன செய்யலாம்

உங்கள் முன் மூன்று வழிகள் தெரிகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள்: தனியாகத் தொழுவது, தூரத்தில் இருக்கும் வேறு பள்ளிக்குப் போவது, இமாமை மாற்றி ஓதச் சொல்லி நிர்வாகத்திடம் முறையிடுவது. முதலாவதை விட்டுவிடுங்கள். ஜமாஅத்தை இழக்க இது காரணமே அல்ல. இரண்டாவது உங்கள் உரிமை, ஆனால் அவசியம் இல்லை. மூன்றாவதுக்கு ஃபிக்ஹில் ஓர் அடிப்படை உண்டுதான். மக்கள் குழம்பிப்போகும் இடத்தில் அவர்களுக்குப் பழக்கமில்லாத கிராஅத்தைப் பொதுமக்கள் முன் ஓதாமல் இருப்பதே நல்லது என்று ஹனஃபீ நூலான துர்ருல் முக்தாரில் இருக்கிறது. ஆனால் அந்தப் பள்ளியில் மக்களுக்குப் பழக்கமானது வர்ஷ். அங்கே புதிதாகக் கேட்பது நமது ஹஃப்ஸ். அதனால் அந்த வாதம் உங்களுக்குச் சாதகமாக நிற்காது. முறையிட்டால், முன்பு நடந்த வாக்குவாதம் பெரிதாகி ஜமாஅத் இரண்டாகப் பிரியும் ஆபத்தும் இருக்கிறது.

இன்று முதல் வீட்டில் திரும்பத் தொழுவதை நிறுத்துங்கள். இமாமைத் தனியாகச் சந்தித்து, அன்று பேசியதற்கு வருத்தம் தெரிவியுங்கள். பிஸ்மில்லாஹ்வைப் பற்றியும் மறைக்காமல் கேட்கலாம்: "நான் ஷாஃபிஈ, எங்களுக்கு அது கடமை, நீங்கள் மெதுவாகவாவது ஓதுவீர்களா?" அவர் ஆம் என்றால் உங்கள் மனம் முழுதாக அமைதியாகும். இல்லை என்றாலும் மேலே சொன்னபடி தொழலாம். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். கிராஅத் மீது அந்தப் பிள்ளைக்கு இருக்கும் ஆர்வம் நல்ல ஆர்வம், அதை அடக்கிவிடாதீர்கள். முதலில் ஹஃப்ஸை முழுதாக ஓதி முடிக்கட்டும். பிறகு அந்த இமாமிடமே உட்கார்ந்து வர்ஷை அல்ஹம்துவிலிருந்து குல் அஊது பிரப்பின்னாஸ் வரை ஓதிக் காட்டிக் கற்கட்டும். அதற்குப் பிறகு உங்கள் வீட்டுத் தொழுகையில் அவர் ஒருநாள் முழுக்க வர்ஷில் ஓதினால், நீங்கள் தயக்கமில்லாமல் பின்னால் நின்று தொழலாம்.